ராணி கொடுத்த வெள்ளித் தட்டு

பருத்திக் காட்டில் பிறந்து டென்னிஸ் உலகை வென்ற ஆல்தியா கிப்சனின் கதை

லண்டன் நகரம். 1957-ம் ஆண்டு ஜூலை மாதம் 6-ந் தேதி. கடும் வெயில்.

விம்பிள்டன் மைதானத்தில் பெண்கள் டென்னிஸ் இறுதிப் போட்டி அப்போதுதான் முடிந்தது. இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் புல்தரைக்கு வந்தார். பளபளக்கும் பெரிய வெள்ளித் தட்டை எடுத்தார். எதிரே நின்ற உயரமான கறுப்புப் பெண்ணிடம் கொடுத்துக் கை குலுக்கினார்.

கூட்டம் கை தட்டியது.

அந்தப் பெண்ணின் பெயர் ஆல்தியா கிப்சன். அமெரிக்காவைச் சேர்ந்தவர். வயது 29. விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தைக் கறுப்பர் ஒருவர் வென்றது அதுதான் முதல் தடவை.

அந்த வெற்றிக்காக ஆல்தியாவுக்குக் கிடைத்த பணம் எவ்வளவு தெரியுமா? ஒரு காசு கூட இல்லை!

தட்டு கிடைத்தது. தட்டில் போட்டுச் சாப்பிடச் சோறு? அதை அவர் வேறு எங்காவது தேடிக்கொள்ள வேண்டும். வாழ்நாள் முழுவதும் அவர் அதைத் தேடினார்.

பருத்திக் காட்டில் பிறந்தவள்

அமெரிக்காவின் தெற்கே தென் கரோலினா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே சில்வர் என்ற சிற்றூரில் 1927-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி ஆல்தியா பிறந்தாள். சில்வர் என்றால் வெள்ளி. ஊருக்குத்தான் வெள்ளி என்று பெயர். வீட்டில் வறுமை.

தாயும் தகப்பனும் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டார்கள். நிலம் ஒருவருடையது, பாடு இவர்களுடையது. விளைந்தால் பங்கு, விளையாவிட்டால் கடன். 1930-ல் அந்தக் குடும்பம் பிழைப்பைத் தேடி நியூயார்க் நகருக்கு வந்தது. கறுப்பர்கள் நெருக்கமாக வாழும் ஆர்லெம் பகுதியில், 143-வது தெருவில் குடியேறியது.

ஆல்தியாவுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. மட்டம் போட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போவாள். வீட்டுக்கு வந்தால் அப்பாவிடம் அடி விழும். அதே அப்பா அவளுக்குக் குத்துச் சண்டையும் சொல்லிக் கொடுத்தார். அந்தத் தெருக்களில் ஒரு பெண் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அந்தத் தெருவில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பகல் நேரத்தில் வண்டிகள் வராதபடி போலீசார் தெருவை அடைத்துவிடுவார்கள். பிள்ளைகள் நடுத்தெருவில் விளையாடலாம். அங்கே சிறிய பலகை மட்டையால் பந்து அடிக்கும் ஓர் ஆட்டம் நடக்கும். டென்னிஸ் போலத்தான், ஆனால் ஆடுகளம் சிறியது.

பலகை மட்டையை ஆல்தியா கையில் எடுத்தாள். 1939-ல், 12 வயதில், நியூயார்க் நகரத்திலேயே பெண்களில் முதலாவதாக வந்துவிட்டாள்!

தெருவார் போட்ட பணம்

பட்டி வாக்கர் என்ற இசைக்காரர் அந்தத் தெருப் பிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்து வந்தார். இந்தப் பெண் பந்தை அடிக்கும் வேகத்தைப் பார்த்தார். தம் கைக்காசைப் போட்டு, பழைய டென்னிஸ் மட்டைகள் இரண்டை வாங்கிக் கொடுத்தார்.

மட்டை வந்துவிட்டது. ஆடுவதற்கு இடம் வேண்டுமே! டென்னிஸ் பணக்காரர்களின் ஆட்டம். சங்கத்தில் சேரக் கட்டணம், வெள்ளை உடை, பயிற்சிக்குச் சம்பளம் என்று செலவு நீளும். ஏழைத் தகப்பனால் முடியுமா?

தெருவார் கூடினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். கறுப்பர்கள் நடத்திய காஸ்மாபாலிட்டன் டென்னிஸ் சங்கத்தில் 1940-ல் ஆல்தியாவைச் சேர்த்துவிட்டார்கள். அங்கே அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் பிரெட் ஜான்சன். அவருக்கு இருந்தது ஒரே கைதான். அந்த ஒரு கையால்தான் பல பேரை ஆட்டக்காரர்களாக்கினார்.

இரண்டு டாக்டர்கள்

அந்தக் காலத்தில் அமெரிக்க டென்னிஸில் இரண்டு உலகங்கள் இருந்தன. பெரிய பந்தயங்கள் எல்லாம் வெள்ளையர் சங்கத்தின் கையில். அங்கே கறுப்பருக்கு இடம் கிடையாது. ஆகவே கறுப்பர்கள் 1916-ல் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்து, தனிப் பந்தயம் நடத்தி வந்தார்கள்.

1946-ல் அந்தப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில் ஆல்தியா தோற்றாள். தோற்ற பெண்ணை இரண்டு கறுப்பு டாக்டர்கள் கவனித்தார்கள். ஒருவர் டாக்டர் ஊபர்ட் ஈட்டன். மற்றவர் டாக்டர் ராபர்ட் ஜான்சன்.

இந்தப் பெண்ணைப் படிக்க வைத்து, நன்றாகப் பழக்கினால், வெள்ளையர் பூட்டி வைத்த கதவை இவள் திறப்பாள் என்று அவர்கள் நம்பினார்கள். பள்ளி நாட்களில் ஈட்டன் வீட்டில் தங்க வேண்டும். கோடை விடுமுறையில் ஜான்சன் வீட்டுக்குப் போய்ப் பந்தயங்களில் ஆட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஆல்தியா தயங்கினாள். வயது 19 ஆகிவிட்டது. இனிமேல் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பதா? அவளுக்குப் பழக்கமான குத்துச் சண்டை வீரர் சுகர் ரே ராபின்சன், போய்ப் படிக்கும்படி தைரியம் சொன்னார். ஆல்தியா போனாள்.

டாக்டர் ஈட்டன் வீட்டுத் தோட்டத்திலேயே டென்னிஸ் களம் இருந்தது. ஆனால் வீட்டு வாசலைத் தாண்டினால் தெற்கத்திச் சட்டம். பஸ்ஸில் முன் இருக்கை வெள்ளையருக்கு, பின் இருக்கை கறுப்பருக்கு. அந்த அவமானத்தைச் சகித்துக்கொண்டு 1949-ல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தாள். பிறகு உபகாரச் சம்பளம் பெற்று புளோரிடாவில் கல்லூரியில் சேர்ந்தாள்.

கறுப்பர் சங்கப் பந்தயத்தில் 1947 முதல் 1956 வரை தொடர்ந்து பத்து வருஷம் ஆல்தியாதான் சாம்பியன்!

பூட்டிய கதவு

கறுப்பர் வரக்கூடாது என்று வெள்ளையர் சங்கத்தில் எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பெரிய பந்தயத்தில் ஆட வேண்டுமானால் முதலில் சிறிய பந்தயங்களில் ஆடித் திறமையைக் காட்ட வேண்டும். அவற்றை நடத்தும் கிளப்புகளோ கறுப்பரை அழைப்பதில்லை. அழைப்பு இல்லாமல் ஆட முடியாது. ஆடாமல் அழைப்பு வராது.

1950-ம் ஆண்டு ஜூலை மாதம், ஆலிஸ் மார்பிள் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி ஒரு டென்னிஸ் பத்திரிகையில் காரசாரமாக ஒரு கட்டுரை எழுதினார். அவர் சாதாரணமானவர் அல்ல. விம்பிள்டனிலும் அமெரிக்காவிலும் பட்டம் வென்றவர். டென்னிஸ் பெரிய மனிதர்களின் ஆட்டம் என்றால் பெரிய மனிதர்களைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று இடித்துரைத்தார்.

கட்டுரை வேலை செய்தது. அதே வருஷம் ஆகஸ்டு மாதம், நியூயார்க்கில் பாரஸ்ட் இல்ஸ் மைதானத்தில் நடந்த அமெரிக்க தேசியப் பந்தயத்தில் ஆல்தியா ஆடினார். அங்கே கால் வைத்த முதல் கறுப்பர் அவரே.

இரண்டாவது சுற்றில் எதிரே நின்றவர் லூயி பிரப். அந்த வருஷ விம்பிள்டன் சாம்பியன்!

முதல் செட்டில் ஆல்தியா 1-6 என்று தோற்றார். இரண்டாவது செட்டை 6-3 என்று வென்றார். மூன்றாவது செட்டில் 7-6 என்று முன்னால் போய்விட்டார். இன்னும் ஒரே ஒரு கேம்! அதை வென்றால் விம்பிள்டன் சாம்பியனைத் தோற்கடித்துவிடலாம்.

அந்த நேரம் வானம் இருண்டது. இடி இடித்தது. மைதானத்தின் உச்சியில் இருந்த கழுகுச் சிலை ஒன்று மின்னல் தாக்கிக் கீழே விழுந்தது. மழை கொட்டியது. ஆட்டம் நின்றது.

அன்று இரவு ஆல்தியாவுக்குக் கவலை. மறுநாள் ஆட்டம் தொடங்கியது. சில நிமிஷங்களில் லூயி பிரப் தொடர்ந்து மூன்று கேம் வென்றுவிட்டார். 9-7. ஆல்தியா தோற்றார்.

ஆட்டம் போனாலும் கதவு திறந்துவிட்டது. அடுத்த வருஷமே விம்பிள்டனிலும் ஆடினார்.

இந்தியாவில் கிடைத்த தோழி

அதற்குப் பிறகு சோதனைக் காலம். பெரிய பந்தயங்களில் பட்டம் கிடைக்கவில்லை. 1953-ல் கல்லூரிப் பட்டம் பெற்றதும், மிசூரி மாநிலத்தில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை வேலைக்குப் போனார். டென்னிஸால் வயிறு வளர்க்க முடியாது, விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்துவிடலாம் என்று கூட நினைத்தார்.

அப்போது அமெரிக்க அரசாங்கத்திடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. நல்லெண்ணப் பயணமாக ஆசிய நாடுகளுக்குப் போய் டென்னிஸ் ஆட வேண்டும். 1955-ம் ஆண்டு இறுதியில் ஆல்தியா புறப்பட்டார். பர்மா, இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் என்று பயணம் தொடர்ந்தது.

இந்தியாவில் அவருக்கு ஒரு தோழி கிடைத்தார். பெயர் ஆஞ்சலா பக்ஸ்டன். இங்கிலாந்துக்காரர். நிறம் வெள்ளை. ஆனால் யூத மதத்தவர். யூதர் என்பதற்காகவே லண்டனில் ஒரு டென்னிஸ் சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்திருந்தது.

ஒருவரை நிறத்துக்காக ஒதுக்கினார்கள். மற்றவரை மதத்துக்காக ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்ட இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

1956-ல் பாரிசில் நடந்த பிரெஞ்சுப் பந்தயத்தில் ஆல்தியா ஒற்றையர் பட்டம் வென்றார். உலகின் நான்கு பெரிய டென்னிஸ் பட்டங்களில் ஒன்றைக் கறுப்பர் ஒருவர் வென்றது அதுவே முதல் தடவை. ஆஞ்சலாவுடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றார். அடுத்து விம்பிள்டன் இரட்டையர் பட்டமும் அந்தத் தோழிகளுக்கே!

காகித மழை

1957-ல் விம்பிள்டன் ஒற்றையர் இறுதிப் போட்டி. எதிரே டார்லீன் ஆர்ட். ஆல்தியா 6-3, 6-2 என்று எளிதாக வென்றார். ராணியின் கையால் வெள்ளித் தட்டு வாங்கியது அன்றுதான்.

நியூயார்க் நகரம் அவரைத் திறந்த காரில் ஊர்வலமாக அழைத்து வந்தது. மாடி ஜன்னல்களிலிருந்து காகிதத் துண்டுகளை மழையாகப் பொழிந்தார்கள். ஓட்டப் பந்தய வீரர் ஜெசி ஓவன்சுக்குப் பிறகு அந்த மரியாதையைப் பெற்ற அமெரிக்கக் கறுப்பர் இவர்தான்.

அந்த மழை ஓய்வதற்குள் அமெரிக்காவின் இன்னொரு நகரத்துக்குப் பந்தயம் ஆடப் போனார். அங்கே ஓட்டலில் அவருக்கு அறை தர மறுத்துவிட்டார்கள்! ராணி கை குலுக்கிய பெண்ணுக்குத் தங்க இடம் இல்லை.

செப்டம்பர் மாதம் அமெரிக்கப் பட்டத்தையும் வென்றார். இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்றவர் யார் தெரியுமா? ஏழு வருஷத்துக்கு முன் மழையால் தப்பிய அதே லூயி பிரப்! கோப்பையைக் கொடுத்தவர் அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த நிக்சன்.

1958-ல் விம்பிள்டன் பட்டமும் அமெரிக்கப் பட்டமும் மீண்டும் ஆல்தியாவுக்கே. ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாம் சேர்த்து அவர் வென்ற பெரிய பட்டங்கள் 11.

உலகிலேயே முதல் இடம். அந்தச் சமயத்தில்தான் அவர் பட்டப் பந்தயங்களிலிருந்து விலகினார். ஏன்?

பணம் வாங்கினால் இடம் இல்லை

அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. விம்பிள்டன் போன்ற பந்தயங்களில் ஆடுவோர் ஆட்டத்துக்குப் பணம் வாங்கக்கூடாது. வழிச்செலவு மட்டும் கிடைக்கும். பணம் வாங்கினால் அவர் தொழில் ஆட்டக்காரர். தொழில் ஆட்டக்காரருக்குப் பட்டப் பந்தயங்களில் இடம் கிடையாது.

சொத்து உள்ளவர்களுக்கு இந்தச் சட்டத்தால் கஷ்டம் இல்லை. வாரத்துக்குப் பயிர் செய்தவர் மகளுக்கு? வயதான பெற்றோரைக் காப்பாற்ற வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும். கோப்பையை விற்றா சாப்பிட முடியும்?

ஆல்தியா பல வழிகளில் முயன்றார். அவருக்கு நல்ல குரல் இருந்தது. பாடி இசைத் தட்டு வெளியிட்டார். போதிய விற்பனை இல்லை. ஜான் வேயின் நடித்த ஒரு படத்தில் வேலைக்காரியாக நடித்தார். கறுப்பரைக் கேலி செய்யும் கொச்சை நடையில் எழுதியிருந்த வசனத்தைப் பேச மறுத்து, மாற்ற வைத்தார். அதற்கு மேல் சினிமாவிலும் வழி திறக்கவில்லை.

பிறகு தொழில் ஆட்டக்காரர் ஆனார். ஆர்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற கூடைப்பந்துக் குழு ஊர் ஊராகப் போய் வேடிக்கை ஆட்டம் காட்டும். அந்த ஆட்டத்துக்கு முன்னால், அதே அரங்கில், ஆல்தியாவும் கரோல் பாகிரோஸ் என்ற வீராங்கனையும் டென்னிஸ் ஆடிக் காட்டுவார்கள். உலகச் சாம்பியன், கூட்டம் வந்து உட்காரும் வரை ஆடும் முன்னாட்டக்காரர் ஆனார்! ஆனால் பணம் வந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர்.

அந்தத் தைரியத்தில் தாமே சொந்தமாக ஒரு பயணக் குழு அமைத்தார். கூட்டம் கூடைப்பந்துக்காகத்தான் வந்தது, டென்னிசுக்காக அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. சம்பாதித்த பணம் கரைந்தது. கடனும் சேர்ந்தது.

1960-ல் கிளீவ்லாந்து நகரில் நடந்த தொழில் ஆட்டக்காரர் பந்தயத்தில் பாலின் பெட்சைத் தோற்கடித்துப் பட்டம் வென்றார். ஆனால் பெண்களுக்கென்று ஆண்டு முழுவதும் நடக்கும் தொழில்முறைப் பந்தயங்கள் அப்போது ஏது? ஒரு ரொட்டிக் கம்பெனியின் பிரதிநிதியாக வேலை பார்த்தார்.

காருக்குள் உடை மாற்றினார்

ஆல்தியா சோர்ந்து உட்காரவில்லை. கோல்ப் மட்டையைக் கையில் எடுத்தார். 1964-ல் பெண்கள் தொழில்முறைக் கோல்ப் பந்தயங்களில் சேர்ந்த முதல் கறுப்புப் பெண் ஆனார்.

அங்கேயும் பழைய கதைதான். சில கிளப்புகளில் அவர் களத்தில் ஆடலாம், கட்டடத்துக்குள் நுழையக்கூடாது. காருக்குள்ளேயே உடை மாற்றிக்கொண்டு ஆடப் போனார். 1970-ல் ஒரு பந்தயத்தில் முதல் இடத்துக்குச் சமமாக வந்தார். சமநிலையை முறிக்க நடந்த ஆட்டத்தில் தோற்றார். கோல்பிலும் பெரிய வருமானம் இல்லை.

இதற்கிடையில் 1968-ல் டென்னிஸ் உலகம் சட்டத்தை மாற்றியது. பணம் வாங்குவோரும் பட்டப் பந்தயங்களில் ஆடலாம் என்றார்கள். அந்த வருஷம் விம்பிள்டன் பெண்கள் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுன் பரிசு. ஆண்கள் சாம்பியனுக்கு 2,000 பவுன். பெண்ணுக்குக் குறைவுதான், ஆனாலும் பணம் வந்தது.

அந்த ஆகஸ்டில் ஆல்தியாவுக்கு 41 வயது. மீண்டும் டென்னிசில் இறங்கிப் பார்த்தார். கால்கள் ஒத்துழைக்கவில்லை. கதவைத் தட்டித் திறந்தவர் அவர். பந்தி பரிமாறும்போது அவருக்கு வயதாகிவிட்டது.

பிறகு நியூ ஜெர்சி மாநிலம் அவரைத் தன் விளையாட்டுத் துறை அதிகாரியாக நியமித்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். போதிய அதிகாரமும் பணமும் இல்லாததால் பின்னர் விலகினார்.

ஒரு டெலிபோன்

வருஷங்கள் ஓடின. ஆல்தியாவை உலகம் மறந்தது. மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. 1992-ல் பக்கவாதம் தாக்கியது. மருந்துக்குப் பணம் இல்லை. வாடகைக்கும் பணம் இல்லை. தன்மானம் மிக்கவர், யாரிடமும் போய்க் கை நீட்டவில்லை.

கடைசியில் ஒரு நாள் டெலிபோனை எடுத்தார். கடல் தாண்டி இருந்த ஒரு தோழியைக் கூப்பிட்டார். நாற்பது வருஷத்துக்கு முன் இந்தியாவில் சந்தித்த அதே ஆஞ்சலா பக்ஸ்டன்!

ஒடிந்த குரலைக் கேட்ட ஆஞ்சலா பதறினார். முதலில் வாடகைக்கும் மருந்துக்கும் பணம் அனுப்பினார். பிறகு ஒரு டென்னிஸ் பத்திரிகையில் ஆல்தியாவின் நிலைமையை வெளியிட ஏற்பாடு செய்தார்.

செய்தியைப் படித்தவர்கள் கலங்கினார்கள். பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்தன. கடிதத்துக்குள் பணம், செக்! ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் சேர்ந்தது.

சிறு வயதில் 143-வது தெருவார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆல்தியாவை டென்னிஸ் களத்துக்கு அனுப்பினார்கள். முதுமையில் உலகம் முழுவதும் ஒரே தெருவாகி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவரைக் காப்பாற்றியது.

நாணயத்தில் ஆல்தியா

2000-ம் ஆண்டு விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வீனஸ் வில்லியம்ஸ் வென்றார். ஆல்தியாவுக்குப் பிறகு அதை வென்ற முதல் கறுப்புப் பெண் அவர். இடையில் 42 வருஷங்கள்! அதைக் காண ஆல்தியா உயிரோடு இருந்தார்.

2003-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, 76-வது வயதில் ஆல்தியா கிப்சன் காலமானார்.

2007-ல் விம்பிள்டன் முதல் தடவையாக ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான பரிசு கொடுத்தது. அந்த வருஷம் பெண்கள் பட்டத்தை வென்றவரும் வீனஸ் வில்லியம்ஸ்தான். பரிசு 7 லட்சம் பவுன். 1957-ல் அதே களத்தில், அதே தட்டுக்கு, ஒரு காசு கூடக் கிடையாது.

2019-ல், அமெரிக்கப் பட்டப் பந்தயம் நடக்கும் நியூயார்க் மைதானத்தில் ஆல்தியாவுக்குச் சிலை வைத்தார்கள். ஆஞ்சலா பக்ஸ்டன் அதற்கு அடுத்த வருஷம் கண் மூடினார்.

2025-ல் அமெரிக்க அரசாங்கம் புதிதாக ஒரு கால் டாலர் நாணயம் வெளியிட்டது. அதன் ஒரு பக்கத்தில், மட்டையும் கையுமாக ஒரு பெண்ணின் உருவம்.

அது ஆல்தியா கிப்சன்!

பட்டம் வென்ற காலத்தில் அவருக்குப் பரிசாக ஒரு காசு கொடுக்காத ஆட்டம் டென்னிஸ். அவர் உருவம் இன்று காசிலேயே இருக்கிறது. ரொட்டி வாங்கும் ஏழையின் கையிலும் அது புழங்கும்.